கோமதி டீச்சருக்குக் கோபம் வந்த நாள்

போன மாதம் சில இளம்பெண்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்களுக்கு மனநலப் பயிற்சி கொடுப்பது அவர்கள் வேலையாம். வண்ண அட்டைகளும் சுவரில் படம் காட்டும் மெஷினும் கொண்டு வந்திருந்தார்கள். அதிலொரு பெண், "உங்க காலத்துல இதெல்லாம் ஏது ஆன்ட்டி?" என்று கேட்டாள். "மெஷின்தான் இல்லை. மற்றபடி எங்க டாக்டரும் நானும் பஸ்ஸில் ஏறிப் போய் இதையேதான் செய்தோம்" என்றேன். மரியாதைக்குத் தலையாட்டினார்கள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் ஊர் நாகர்கோவில் பக்கம். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம் திருவனந்தபுரத்தில் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. படுக்கை விரித்தேன், பாத்திரம் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். முதல் போஸ்டிங்கே மனநோய் ஆஸ்பத்திரியில். அந்தப் பெயரை அப்போது யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், 'அந்த ஆஸ்பத்திரி' என்பார்கள். சாலைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த என் சித்தப்பா விஷயம் கேட்டதும், "யாருகிட்ட பிள்ளே வாயைக் குடுத்தே? கொண்டு போய் அங்க தட்டியிருக்கானே" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

எங்கள் பெரிய டாக்டர் பெயர் குருவிளா. மெலிந்த மனிதர். கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். தமிழையும் மலையாளத்தையும் கலந்து, எதிரே இருப்பவர் காது கொடுத்துக் கேட்டால்தான் கேட்கும் என்கிற அளவில் பேசுவார். அவரை நான் முதன்முதலில் பார்த்தது பெண்கள் வார்டு வாசலில். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் அவர் உள்ளே வராமல் வெளியிலேயே நின்று, "ஞான் உள்ள வரட்டே?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "வாங்க சார்" என்றேன். அவர் நகரவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி சேலையைச் சரி செய்துகொண்டு, "ம், வா" என்று சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "சிஸ்டரே, இது அவங்க முறி. நம்ம முறி இல்ல, கேட்டோ" என்று என்னிடம் சொன்னார். முறி என்றால் மலையாளத்தில் அறை. அந்தக் கிழவிக்கு நாள் கிழமை எதுவும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரிந்திருந்தது.

இன்னொரு வழக்கமும் அவர் வைத்திருந்தார். அப்போது தலையில் மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை இருந்தது. இன்றைக்குப் போல மயக்கமருந்து கொடுத்துச் செய்வது கிடையாது. ரப்பர் துண்டைப் பற்களுக்கிடையில் வைத்து, தோளிலும் இடுப்பிலும் ஆளுக்கொருவர் பிடித்துக்கொள்வோம். பிடியில் பலம் கூடினாலும் எலும்புக்கு ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. முடிந்து கண் விழிக்கும்போது அவர்களுக்குத் தாங்கள் யார், எங்கே இருக்கிறோம் என்பதே சட்டென்று பிடிபடாது. அந்த நேரத்தில் காதில் விழுகிற முதல் சொல் அவர்கள் பெயராக இருக்க வேண்டும், பெயரோடு அவர்கள் செய்துவந்த வேலையும் சேர்ந்திருக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. பூ விற்றவர் என்றால் 'பூக்கார லட்சுமி அம்மா', சமைத்துப் பிழைத்தவர் என்றால் 'சமையல்கார மாமி.' முதலில் எனக்கு இது வேடிக்கையாகப் பட்டது. அந்தப் பெயரைக் கேட்டு ஒவ்வொரு முகமும் தெளிவதைப் பார்த்த பிறகு வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அப்படி நான் நிறைய முறை 'கோமதி டீச்சர்' என்று கூப்பிட்டிருக்கிறேன்.

கோமதி டீச்சர் கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், தமிழ் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தவர். பூர்வீகம் திருநெல்வேலி. கல்யாணம் ஆகவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்த அண்ணன் சங்கரலிங்கத்தோடு இருந்தார். வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் போயிருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் பக்கம் திரும்பாமல் போர்டைப் பார்த்தே பேச ஆரம்பித்திருக்கிறார். ஒருநாள் காலை வகுப்பிலிருந்து இறங்கி நேரே நடந்து, பழவங்காடிப் பிள்ளையார் கோயில் முன்னால், தேங்காய் உடைக்கிற கூட்டத்துக்கு நடுவில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரர்கள், பக்தர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அதில் அவரிடம் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்களும் இருந்தார்கள்.

ஏழெட்டு மாதத்தில் அவர் நன்றாகவே தேறினார். தூங்கினார், சாப்பிட்டார், வார்டுப் பெண்களுக்குக் கைக்கணக்கு சொல்லிக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொன்ன அன்று, "வீட்டுக்கு மட்டுமா, ஸ்கூலுக்குமா டாக்டர்?" என்று கேட்டார். பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"வேல எதுக்கும்மா இனி? நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். வீட்டுல இரு. கஞ்சியோ கூழோ நான் ஊத்துதேன்" என்றார். நல்ல மனுஷன். தங்கைக்காக அத்தனை மாதமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தவர்.

"நான் கஞ்சிக்கா அழுதேன் அண்ணே?" என்றார் கோமதி டீச்சர். "அடுப்படியில உக்காந்து மதினிக்குத் தேங்கா திருவிக் குடுத்துக்கிட்டு இருந்தா எனக்கு ஒரு மாசத்துல திரும்ப வந்திரும். போர்டு முன்னாடி நின்னாத்தான் நான் நானா இருப்பேன்."

டாக்டர் அன்று அதிகம் பேசவில்லை. "கொஞ்சம் சமயம் தாங்க டீச்சரே. முதல்ல ஸ்கூலைச் சரியாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

ஸ்கூலைச் சரியாக்குவது லேசான காரியமாக இல்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் பங்கஜாக்ஷி அம்மா கண்டிப்பானவர். சரித்திரப் பாடம் எடுப்பவர், பொய் பேசத் தெரியாதவர். "டாக்டரே, எனக்கு அவங்க மேல ஸ்நேகம் உண்டு. பக்ஷே அம்மாமாருக்கு ஞான் எந்தா பதில் சொல்லறது?" என்று கேட்டார். டாக்டர் அவரிடம் வேறொன்றும் கேட்கவில்லை. சனிக்கிழமைகளில் பள்ளிக்கூட ஹாலைத் தரும்படி மட்டும் கேட்டார்.

எங்கள் பயிற்சி தொடங்கியது அப்படித்தான். ஆஸ்பத்திரி வண்டியில் போகக் கூடாது என்பது டாக்டரின் முதல் விதி. அந்த வண்டி தெருவில் நின்றால் அந்தத் தெருவுக்கே பெயர் கெட்டுவிடும். பஸ்ஸில் போவோம். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொல்வார், மேஜை கூடாது. எல்லாரும் உட்கார்ந்ததும், "ஒரு ராத்திரியாவது கவலையில தூங்காம கிடந்தவங்க கை தூக்கலாம்" என்பார். ஒரு கையும் எழும்பாது. அவர் தன் கையை முதலில் தூக்குவார். அப்புறம் நான். அப்புறம் ஒவ்வொருவராக. பங்கஜாக்ஷி அம்மா கடைசியில், மூக்குக்கண்ணாடியைச் சரி செய்கிறவர் மாதிரி பாதிக் கையைத் தூக்கினார்.

இரண்டாவது சனிக்கிழமை டாக்டர் செய்த காரியத்தை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எங்களிடம் சிகிச்சை பெற்றுத் தேறிய ஒரு பெண், அவள் முழுச் சம்மதத்தோடு, எங்களோடு வந்திருந்தாள். நானும் யூனிபார்ம் போடாமல், அவள் மாதிரியே வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களில் ஒருத்தி நர்ஸ், ஒருத்தி ஆஸ்பத்திரியில் இருந்தவள், பேசிப் பார்த்துக் கண்டுபிடியுங்கள் என்றார். முதல் சனிக்கிழமையும் நான் யூனிபார்ம் போடவில்லை, கை தூக்கியதோடு சரி, நர்ஸ் என்று யாரிடமும் சொல்லவில்லை; அதனால் நான் யார் என்று யாருக்கும் தெரியாது. டீச்சர்மார் ரொம்ப நேரம் கேள்வி கேட்டார்கள். கடைசியில் ஒருத்தர் விடாமல், ஆஸ்பத்திரியில் இருந்தவள் இவள்தான் என்று என்னைக் காட்டினார்கள். காரணம் கேட்டதற்கு, "இவங்க சட்சட்டுன்னு பேசுறாங்க, கையை வேற ஆட்டுறாங்க" என்றார் ஒருவர். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், கொஞ்சம் கஷ்டப்பட்டுத்தான்.

அதன் பிறகு என்னென்ன அடையாளங்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். தூக்கம் குறைவது, சாப்பிடாமல் இருப்பது, தனியே பேசுவது, காரணமில்லாத சிரிப்பு, காரணமில்லாத கோபம். வகுப்பில் திடீரென்று ஒடுங்கிப்போகிற பிள்ளையை எப்படி அருகில் கூப்பிட்டுப் பேசுவது என்பதையும் சொன்னோம். அம்மாக்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் போட்டோம். அதில் ஓர் அம்மா, "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இப்படி இருக்காங்க" என்று அழுதார். அதன் பிறகு எதிர்ப்பு தணிந்தது. கோமதி டீச்சர் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது வேலையில் சேர்ந்தார். நானும் பெருமையாகத்தான் நடந்தேன்.

ஆசிரியர்களிடம் எதைக் கொடுத்தாலும் அதை டைம்டேபிள் போட்டுவிடுவார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் சொன்ன அடையாளங்களை அவர்கள் மனப்பாடம் செய்திருந்தார்கள். கோமதி டீச்சர் வகுப்பில் இருக்கிற ஒவ்வொரு பீரியடுக்கும் வராந்தாவில் ஒரு டீச்சர் நிற்பதற்கு முறை வைத்திருந்தார்கள். மதியம் அவர் எவ்வளவு சோறு சாப்பிடுகிறார் என்று பார்க்க ஒருவர். பாத்ரூம் போனால் கூடப் போக ஒருவர். திருத்துகிற நோட்டுகளை, "நீங்க சிரமப்பட வேண்டாம்" என்று ஒருவர் வாங்கிக்கொள்வார். பெரிய வகுப்புகளை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவருக்கு ஒரே ஒரு வகுப்பும் மீதி நேரத்துக்குத் தையலும் போட்டிருந்தார்கள். ஒருவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பாடம் நன்றாகப் படித்த பிள்ளைகள் மாதிரி செய்தார்கள்.

மாதத்துக்கொரு முறை ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டாம் மாதம் வந்தபோது கோமதி டீச்சர் மெலிந்திருந்தார்.

"இங்க இருந்தப்ப வார்டுக்கு ஒரு சிஸ்டர்தான் உண்டு" என்றார் என்னிடம். "அங்க ஸ்டாஃப் ரூம் முழுக்க சிஸ்டருங்க. நான் தும்மினாக்கூட ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுதாங்க. சிரிக்கப் பயமா இருக்கு. பிள்ளைகளைத் திட்டப் பயமா இருக்கு. சும்மா பொம்ம மாதிரி நிக்கேன்."

டாக்டர் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நாம பாதிப் பாடம்தான் எடுத்திருக்கோம், சிஸ்டரே" என்றார். வரும் சனிக்கிழமை போய்ப் பேசலாம் என்று முடிவாயிற்று. ஆனால் சனிக்கிழமை வருவதற்குள் பள்ளிக்கூடத்து பியூன் மூச்சிரைக்க வந்து நின்றான். "டீச்சருக்கு மறுபடி வந்தாச்சு, உடனே வரணும்னு பெரிய டீச்சர் சொல்லிவிட்டாங்க. அவங்க அண்ணனுக்கும் ஆள் போயிருக்கு."

வண்டியை எடுக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று டாக்டர் தலையசைத்தார். பஸ்ஸில்தான் போனோம். அந்த பஸ் அன்று நின்ற நிறுத்தத்திலெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது.

போய்ப் பார்த்தால், எட்டாம் வகுப்பு வாசலில் டீச்சர்மார் கூட்டம். பிள்ளைகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே கோமதி டீச்சர் போர்டோடு ஒட்டி, முகம் சிவந்து நின்றார். சற்றுத் தள்ளிப் பங்கஜாக்ஷி அம்மா, கையில் ஒரு சாக்பீஸோடு நின்றார். சங்கரலிங்கம் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். "கூட்டிக்கிட்டுப் போயிருங்க டாக்டர். நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அன்று டாக்டர் 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கோமதி டீச்சர் அந்த வாசலைத் திரும்ப மிதித்திருக்க முடியாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

டாக்டர் முதலில் கோமதி டீச்சரிடம், "உங்க கிளாஸ்ல ரெண்டு நிமிஷம் பேசிக்கட்டே?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார். பிறகு பங்கஜாக்ஷி அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார்.

"ஒரு குட்டியைச் சத்தம் போட்டு ஏசினாங்க. கிளாஸ் லீடர் ஓடி வந்து சொன்னா. ஞங்ஙள் எல்லாரும் வந்து, சமாதானமா, மெதுவா, கையில இருந்து சாக்கை வாங்கினோம். அப்போ பின்னயும் சத்தம் போட்டாங்க. எங்களை வெளிய போகச் சொன்னாங்க." அவர் கண் கலங்கியிருந்தது. "நீங்க படிப்பிச்ச மாதிரிதான் செஞ்சோம் டாக்டரே."

"ஏச்சு வாங்கினது யாரு?"

நடு பெஞ்சிலிருந்து பகவதி என்றொரு பெண் எழுந்தாள். எண்ணெய் வழிகிற இரட்டைப் பின்னல்.

"டீச்சர் எதுக்கு மோளே ஏசினாங்க?"

"அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டச் சொன்னாங்க சார். நான் அஞ்சுல ரெண்டுன்னு போட்டேன்."

"என்ன சொல்லி ஏசினாங்க?"

அந்தப் பெண் டீச்சரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அரையோட இன்னொண்ணக் கூட்டினா அரைய விடக் கொறஞ்சா போகும், மரமண்டைன்னாங்க."

யாரோ ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது.

"இப்போ விடை என்ன?"

"ஆறுல அஞ்சு சார்."

"இதுக்கு முன்ன டீச்சர் ஏசியிருக்காங்களா?"

"இல்ல சார். இந்த வருசம் ஒருத்தரையும் ஏசல. தப்பாப் போட்டாலும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அதான் எல்லாரும் பயந்துட்டோம்."

டாக்டர் வாசலில் நின்ற டீச்சர்மாரைப் பார்த்தார். "காரணமில்லாத கோபம்னு சொல்லித் தந்தது ஞான்தான். காரணம் உள்ள கோபத்தைப் பத்திச் சொல்லித் தர மறந்துட்டேன். நீங்க பாடம் எடுக்கும்போது பத்துப் பேர் வந்து கையில இருக்கிற சாக்கை வாங்கினா என்ன செய்வீங்க?"

பிறகு பங்கஜாக்ஷி அம்மா, "ஞானா இருந்தா டஸ்டரைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்" என்றார். அவர் பொய் பேசத் தெரியாதவர் என்று முன்பே சொன்னேன்.

அவர் இரண்டடி நடந்து போய், சாக்பீஸைக் கோமதி டீச்சர் கையில் வைத்தார். கோமதி டீச்சருக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே முகத்தைத் துடைத்துவிட்டு, "பகவதி, அடுத்த கணக்கு. வா போர்டுக்கு" என்றார். நாங்கள் எல்லாரும் வெளியே வந்தோம். சங்கரலிங்கம் மட்டும் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, தங்கை பாடம் எடுப்பதைக் கேட்டபடி கொஞ்ச நேரம் நின்றார். அதற்கு முன்னால் அவர் அதைக் கேட்டதே இல்லையாம்.

திரும்பும்போது பஸ்ஸில், "இனி அவங்களுக்கு வராதுல்ல சார்?" என்று கேட்டேன். "வராதுன்னு ஞான் பறைய மாட்டேன், சிஸ்டரே. வரலாம். இன்னிக்கு வரல. அவ்வளவுதான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பயிற்சியில் பேசியவர் கோமதி டீச்சர். வராந்தா முறை நின்றது. பெரிய வகுப்புகள் அவருக்குத் திரும்பக் கிடைத்தன. தையலிலிருந்தும் தப்பித்தார். அவர் தைத்ததைப் பார்த்தவர்களுக்கும் அது நிம்மதிதான்.

டாக்டர் சொன்னதுபோல், வந்தது. எங்கள் நாஞ்சில் நாடு மதராஸ் ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் அது. நான் ஊர்ப்பக்கம் மாற்றல் கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை கோமதி டீச்சர் கையில் ஒரு பையோடு, தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். "தூக்கம் போயிட்டு சிஸ்டர். போர்டு என்னமோ சொல்லுத மாதிரி இருக்கு. முத்திப் போகுததுக்கு முன்னாடி வந்துட்டேன்" என்றார். படுக்கை போட்டுக் கொடுத்தேன். முதல் வாரம் அவர் சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தார். இத்தோடு வேலை போயிற்று என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல நான்தான் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அதற்கு வேலையே இருக்கவில்லை. பங்கஜாக்ஷி அம்மா, "எப்போ வருவாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "சாரமில்லை, பரவாயில்லை. அதுவரை கணக்கு ஞான் எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டஸ்டரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். கேட்டருகில் பகவதி என்னைப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவள் பெரிய வகுப்புக்கு வந்திருந்தாள்.

"சிஸ்டர், கோமதி டீச்சரைச் சீக்கிரம் அனுப்புங்க. பெரிய டீச்சருக்கு வட்டிக் கணக்கு சுத்தமா வரல. நேத்து எங்க அம்மாவே வந்து கேட்டா, கோமதி டீச்சர் எப்ப வருவாங்கன்னு."

வார்டுக்கு வந்ததும் இதை அப்படியே சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பினார்.

"வட்டிக் கணக்கா? அவங்களா எடுக்காங்க?"

"ஆமா."

எழுந்து உட்கார்ந்து தலைமுடியை அள்ளி முடிந்தார். "தப்பாச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. எல்லாத்தையும் நான் முதல்ல இருந்து எடுக்கணும்" என்றார், நல்ல கோபத்தோடு. "டாக்டர்கிட்ட கேளுங்க சிஸ்டர், என்னை எப்ப விடுவாருன்னு."

எப்போது விடுவீர்கள் என்று அந்த வார்டில் என்னைக் கேட்காதவர்கள் இல்லை. போனால் எங்கே போவது என்று தெரியாமல்தான் பெரும்பாலும் கேட்பார்கள். தான் இல்லாமல் ஒரு வகுப்பு தவிக்கிறது என்று தெரிந்து கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் டாக்டரிடம் ஓடினேன்.